சாது அக்காவின் புருவமத்தி

"இதுக்கு மேல குறைக்கச் சொன்னீங்கன்னா, நான் கடைய மூடிட்டு உங்க வீட்டுக்கு வேலைக்கு வந்துட வேண்டியதுதான் மேடம்" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பை இப்படியும் அப்படியும் இழுத்துக்கொள்கிறார். இழுக்கிற சாக்கில் தலை லேசாகத் திரும்புகிறது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மனைவியின் நெற்றியை ஒரு பார்வை பார்க்கிறார். இரண்டு புருவங்களுக்கும் நடுவே அங்கே ஒரு கோடு விழுந்திருக்கிறது. ஒரு கோடு என்றால் கொஞ்சம் இறங்கலாம் என்று பொருள். "சரி, உங்களுக்காகக் கடைசியா ஒண்ணு சொல்றேன்" என்று துணியை மறுபடியும் விரிக்கிறார். வாங்க வந்த பெண்மணி தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொள்கிறார்.

ஜன்னல் திரைச்சீலையும் மெத்தை உறையும் விற்கிற கடை அது. உள்ளே நுழைந்தால் ஒரு மூலையில் கம்பிகள் சாய்த்து வைத்திருக்கும், இன்னொரு மூலையில் தையல் மெஷின். வளையங்கள் பிளாஸ்டிக் டப்பாக்களில், துணி மாதிரிகள் தடித்த புத்தகங்களில். கடைக்காரர் அளவெடுப்பார், கதையளப்பார், பேரம் பேசுவார். மனைவி கல்லாவில் இருந்தபடியே ஓரம் மடித்துக் குண்டூசி குத்துவார். குத்த வேண்டிய ஊசிகள் வரிசையாக அவர் உதடுகளுக்கு நடுவே காத்திருக்கும். யாராவது வில்லங்கமாக ஏதாவது கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், மடிக்கத் துணி இல்லாவிட்டாலும் நான்கு ஊசிகள் வாய்க்குப் போய்விடும்.

ஊரெல்லாம் அவருக்குச் சாது அக்கா என்று பெயர். வாயில்லாப் பூச்சி, யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாத ஜென்மம் என்று தெருவில் எல்லோரும் சத்தியம் செய்வார்கள். சத்தியத்தில் பொய் கிடையாது. அவர் வாயிலிருந்து "முடியாது" என்ற சொல்லை யாரும் கேட்டதில்லை. ஏணி இரவல் கேட்டு வந்தாலும் நன்கொடை கேட்டு வந்தாலும், "எனக்கென்னம்மா, தாராளமா எடுத்துட்டுப் போங்க. அவர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்று உருகி, "என்னங்க..." என்று குரல் கொடுப்பார். கடைக்காரர் வருவார். நெற்றியில் இரண்டு கோடுகள் நிற்கும். "அதெல்லாம் முடியாதுங்க" என்று கடைக்காரர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டுப் போவார். கேட்டு வந்தவர் சாது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த மனுஷன வச்சுக்கிட்டு நீங்க எப்படித்தான் காலந்தள்றீங்களோ" என்று கண் கலங்குவார். அக்கா ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுக்கு ஒரு நீளம் உண்டு, கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

ஒரு கோடு, இரண்டு கோடு, இரண்டு கோட்டோடு ஏறிய இடது புருவம் என்று மொத்தம் மூன்றே சைகைகள். புருவம் ஏறினால் ஆள் சரியில்லை, அளவெடுக்கக்கூடப் போகாதே என்று கணக்கு. கோடே இல்லாவிட்டால் சம்மதம். இந்த ஏற்பாட்டைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அப்படி ஒன்று இருப்பதே கடைக்காரருக்குத் தெரியாது. முப்பது வருஷமாகத் தன் தலைக்குள் சுயமாக உதிக்கிற முடிவுகள் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார். "நான் கொஞ்சம் கறார் பேர்வழி சார். அவ கையில விட்டா கடையையே தானம் பண்ணிடுவா" என்று வருகிறவர் போகிறவரிடம் பெருமையாகச் சொல்வார். சாது அக்கா தலையைக் குனிந்துகொண்டு ஊசி குத்துவார். இப்படி ஒரு கணவன் வாய்க்க அவர் கொடுத்துவைத்திருக்க வேண்டும், அவருக்கே அது தெரியும்.

இந்த நிலையில்தான் தெருவில் பெண்களின் முகங்கள் மாறத் தொடங்கின. முதலில் அடுக்குமாடியின் மூன்றாம் மாடிக்காரி. ஒரு நாள் அவளுடைய உதடுகள் கடைக்குள் நுழைந்தன, சற்றுப் பொறுத்து அவளும் நுழைந்தாள். அடுத்து டியூஷன் டீச்சரின் கன்னங்கள் வாய்க்குள் ஏதோ ஒதுக்கி வைத்ததுபோல் எழும்பி நின்றன. இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லி வீடு வீடாக ஏறும் பெண்ணுக்குத் தாடை கூராகிவிட்டது, பேச்சும் அப்படியே. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "அய்யோ, நான் ஒண்ணுமே பண்ணல அக்கா. தண்ணி நிறைய குடிக்கறேன், அவ்வளவுதான்." அந்த வருஷம் அந்தத் தெருவில் குடிக்கப்பட்ட தண்ணீருக்கு ஒரு ஏரி வற்றியிருக்க வேண்டும்.

கடைக்காரருக்கு இதில் தொழில் ரீதியாக ஒரு மனக்குறை இருந்தது. "துணிய விரிச்சுக் காட்டினா புடிச்சிருக்கா, புடிக்கலையான்னு மூஞ்சியில தெரியணும்ல? முன்னல்லாம் தெரியும். இப்ப ஒண்ணும் புரியல. சுவத்துக்கிட்ட வியாபாரம் பண்ற மாதிரி இருக்கு" என்று புலம்புவார். சாது அக்கா அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வார். அந்தப் பெண்களிடமோ தேன் ஒழுகப் பேசுவார். "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதும்மா. மனசு நல்லா இருந்தா முகம் தன்னால நல்லா இருக்கும்னு இருந்துட்டேன்." கேட்டவர்கள் தங்கள் மனசு எப்படிப்பட்டது என்று யோசித்தபடியே படியிறங்குவார்கள். அக்காவின் கருணை பல சமயம் அப்படித்தான், வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் சுருக்கென்று தைக்கும்.

தண்ணீர் கிடைக்கிற இடம் பேங்க் மாடியில் இருந்தது. அழகு சிகிச்சைக்கென்று புதிதாகத் திறந்த கிளினிக். உள்ளே இருக்கும் சிறு சிறு அறைகளுக்கெல்லாம் திரை வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். கடைக்காரர் ஏணியில் ஏறி அளவு சொல்ல, அக்கா ரிசப்ஷன் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். எதிரே இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதும் இருக்கலாம், நாற்பத்தைந்தும் இருக்கலாம். அவள் அக்காவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. யார் மேலயாவது கோவமா இருக்கீங்களா?"

"நானா? கோவமா?" என்று அக்கா சிரித்தார். "என்னப் பத்தி இந்தத் தெருவுல யாரையாவது கேட்டுப் பாரும்மா."

"இல்ல மேடம், நீங்க நல்லவங்கதான். முகம்தான் வேற மாதிரி சொல்லுது. புருவத்துக்கு நடுவுல ரெண்டு கோடு ஆழமா விழுந்திருக்குல்ல? அதப் பாத்தா, ரொம்பக் கறாரான ஆளுன்னு தோணும். வீட்டுல எல்லாம் இவங்க வச்சதுதான் சட்டம்னு நினைச்சுக்குவாங்க."

அக்காவின் கையில் இருந்த பென்சில் நின்றுவிட்டது. உள்ளறையிலிருந்து கன்னத்தில் ஐஸ் பையை ஒத்திக்கொண்டு வெளியே வந்த மூன்றாம் மாடிக்காரி, "பல்வலி அக்கா" என்றாள். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. முப்பது வருஷமாகப் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய பெயர், இந்தச் சின்னப் பெண் பார்த்த நிமிஷத்தில் நெற்றியைப் படித்துவிட்டாளே! வயது தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும், அதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. குணம் தெரிந்தால் என்ன செய்வது?

அடுத்த வாரமே தலைவலி என்று சொல்லிவிட்டுத் தனியாகப் படியேறினார். டாக்டரம்மா கையில் வெள்ளை மார்க்கர் பேனாவோடு எதிரே உட்கார்ந்தார். "கோவமா முறைங்க, பாக்கலாம். எங்கெங்க இழுக்குதுன்னு பாத்துதான் ஊசி போடணும்" என்றார். சாது அக்கா சாதுவாக முறைத்தார். "பத்தாது மேடம். யாராவது புடிக்காத ஆள மனசுல நினைச்சுக்கங்க." அக்கா தன் நாத்தனாரை நினைத்துக்கொண்டார். டாக்டரம்மா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு, "அம்மாடி!" என்றார். வழக்கமாக வைக்கிற புள்ளிகளோடு நெற்றி முழுக்க இன்னும் சில புள்ளிகளும் வைத்தார். ஆக, அந்த ஊசி நாத்தனாருக்கென்றே அளவெடுத்துப் போடப்பட்டது.

பத்துப் பதினைந்து நாளில் நெற்றி இஸ்திரி போட்டதுபோல ஆகிவிட்டது. கண்ணாடியில் பார்த்த அக்காவுக்குத் தன் மேல் தனக்கே பக்தி வந்தது. ஊர் சொன்ன சாது கடைசியில் வந்து சேர்ந்துவிட்டாள். "என்னக்கா, முகத்துல ஒரு தேஜஸ்?" என்று மூன்றாம் மாடிக்காரி ஒரு மாதிரியாகக் கேட்டாள். "தண்ணி நிறைய குடிக்கறேம்மா" என்றார் அக்கா.

முதல் அடி கடையில் விழுந்தது. ஒரு தம்பதி வந்து பாதி விலைக்குக் கேட்டார்கள். கடைக்காரர் டேப்பை இழுத்தார், திரும்பினார், பார்த்தார். அக்கா இரண்டு கோடும் போட்டு, இடது புருவத்தையும் ஏற்றித்தான் வைத்திருந்தார், உள்ளே. வெளியே, ஊசியில் மரத்த நெற்றியில், ஒன்றுமே நடக்கவில்லை. "சரி, எடுத்துக்கங்க" என்றார் கடைக்காரர். தம்பதிக்கே நம்ப முடியவில்லை, ஏதாவது கிழிந்த துணியோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். அந்த வாரம் முழுக்க இப்படியே போனது. ஏணி இரவல் போய் அடுத்த தெருவில் நின்றது. வருஷக்கணக்காக வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட நன்கொடைக்காரர்கள் சேர்ந்து வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கடைக்காரர் தன்னைக் கண்டு தானே நெகிழ்ந்துபோனார். "வயசாக ஆக எனக்கு மனசு இளகுது போல இருக்கு. இத்தன நாளா ஏன் அப்படிக் கறாரா இருந்தேன்னு இருக்கு" என்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னார்.

அக்கா வேறு வழிகளைப் பார்க்காமல் இல்லை. கண்ணை உருட்டிப் பார்த்தார். "தூசியா? ஊதட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு கடைக்காரர் கிட்டே வந்தார். தொண்டையைச் செருமினார், குடிக்கத் தண்ணீர் வந்தது. நேராகச் சொல்லிவிடலாம்தான். ஆனால் என்னவென்று சொல்வது? இத்தனை வருஷமாக நீங்கள் எடுத்த முடிவுகளெல்லாம் என் நெற்றியில் எடுத்தவை என்றா? கடையில் பத்துப் பேர் முன்னால் "குறைக்காதீங்க" என்று வாய் திறந்தால் சாது அக்கா என்ற பெயர் அந்த இடத்திலேயே உதிர்ந்துவிடும். போகட்டும், சில மாதம்தானே, மருந்து இறங்கினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். பல்லைக் கடிப்பது மட்டும் இன்னும் வேலை செய்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் நாத்தனார் வந்து சேர்ந்தார். கடைக்காரருக்கு ஒரே அக்கா, வெளியூரில் தனியாக இருப்பவர். மனதில் இருப்பது முகத்திலும், முகத்தில் இருப்பது அடுத்த நொடியில் வாயிலும் வந்துவிடும். தம்பி மேல் அவருக்குத் தீராத ஆற்றாமை. தன் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது லீவுக்கு ஒரு மாதம் அனுப்புகிறேன் என்றார், தம்பி முடியாது என்றுவிட்டார். அம்மாவின் கட்டிலைக் கேட்டார், இல்லை. மகனைக் கடையில் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள் என்று அழாத குறையாகக் கேட்டார், அதற்கும் இல்லை. அந்த மகன் இப்போது கண் காணாத தேசத்தில் இருக்கிறான். "என் தம்பிக்கு நெஞ்சுல ஈரமே கிடையாது. சாது ஒருத்தி இல்லன்னா நான் அந்த வாசப்படிய மிதிப்பேனா?" என்று போகிற இடமெல்லாம் சொல்வார். ஒவ்வொரு முறையும் ஏமாந்து திரும்பும்போது சாது அக்காவைத்தான் கட்டிக்கொண்டு அழுவார். அக்காவும் முதுகைத் தடவிக் கொடுத்திருக்கிறார்.

இந்த முறை இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஒரே பையோடு வந்தவர், சாப்பாட்டு மேஜையில் அக்காவின் நெற்றியைப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

"பாருடா தம்பி, இவ நெத்திய! ஒரு கோடு இருக்கா? கள்ளம் கபடம் இல்லாதவ முகம் இப்படித்தான்டா இருக்கும். என் நெத்திய பாரு, உழுது போட்ட மாதிரி. எல்லாம் உன்னால வந்தது."

"அண்ணி, சும்மா இருங்க" என்று அக்கா நெளிந்தார்.

நாத்தனார் தட்டில் இருந்ததைக் கொஞ்ச நேரம் அளைந்துகொண்டிருந்தார். பிறகு நிமிராமலே கேட்டார். "தம்பி, ராத்திரியில தனியா இருக்க பயமா இருக்குடா. அன்னிக்கு பாத்ரூம்ல வழுக்கி விழுந்து, எழுந்திரிக்க முடியாம ரொம்ப நேரம் அப்படியே கிடந்தேன். கூப்புட ஆளில்ல. நான் இங்கேயே உங்களோட வந்து இருந்துடட்டுமா?"

கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். சாது அக்கா தன் ஆயுளில் முறைத்த முறைப்பையெல்லாம் சேர்த்து ஒரு முறைப்பு முறைத்தார். காது பின்னால் போயிற்று. மூக்கு ஒரு பக்கம் சுருங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றி மட்டும் குளத்துத் தண்ணீராகக் கிடந்தது. "இதெல்லாம் ஒரு கேள்வியாக்கா? நாளைக்கே சாமானெல்லாம் கொண்டு வந்துடலாம்" என்றார் கடைக்காரர், குரல் தழுதழுக்க.

நாத்தனார் எச்சில் கையோடு எழுந்து வந்து சாது அக்காவைக் கட்டிக்கொண்டார். "நீதான்டி சொல்லி மனச மாத்தியிருக்க. எனக்குத் தெரியும்டி" என்று தேம்பினார். அக்காவின் கைகள் பழக்கத்தில் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தன. விழுந்து கிடந்த கிழவியை நினைத்து அவருக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் வேறு, வீடு வேறு என்பது அவர் கட்சி.

மறுநாள் காலையிலேயே பேங்க் மாடியில் நின்றார். "இதக் கரைக்க ஏதாவது மருந்து இருக்காம்மா?" என்று ரிசப்ஷன் பெண்ணைக் கேட்டார். அவள் அதிர்ந்துபோனது குரலில்தான் தெரிந்தது. "இது கரையாது மேடம், தானாத்தான் இறங்கணும். நாலு மாசமாவது ஆகும், சிலருக்கு ஆறு மாசம்கூட நிக்கும். எல்லாரும் சீக்கிரம் போயிடுச்சேன்னுதான் சண்டைக்கு வருவாங்க, நீங்க போகலையேன்னு வர்றீங்களே!" பிறகு தணிந்த குரலில், "ஏன் மேடம், வீட்டுல கோவிச்சுக்கறாங்களா?" என்றாள். "இல்லம்மா, எல்லாரும் ரொம்ப சந்தோஷமா இருக்காங்க" என்றார் அக்கா. அதைவிட உண்மையான ஒரு வாக்கியத்தை அவர் சமீபத்தில் பேசியதில்லை.

நாத்தனார் வந்தார், கூடவே நான்கு பீரோ, ஒரு ஆடும் நாற்காலி, எந்நேரமும் பேசுகிற ரேடியோ எல்லாம் வந்தன. அக்கா துணி மாதிரிகளைப் பரப்பி வைத்திருந்த பின்னறை நாத்தனார் அறையாயிற்று. மாதிரிப் புத்தகங்கள் மாடிப்படிக்குக் கீழே போயின. சமையலறையில் டப்பாக்கள் இடம் மாறின, உப்பு எடுக்கப் போனால் ஆப்ப சோடா கையில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் நாத்தனார் தம்பியைக் கேட்டுத்தான் செய்தார். தம்பியும் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை மனைவி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சரி சொன்னார். குறை சொல்ல முடியாது, முறை தவறவே இல்லை.

குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அக்கா பேசிப் பழகிப் பார்த்தார். "வேண்டாம்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். குரல் யாருடையதோபோல இருந்தது. "அண்ணி, அது மட்டும் வேண்டாமே" என்று மாற்றிப் பார்த்தார், கெஞ்சுவதாகப் பட்டது. "அண்ணி, தொடாதீங்க!" என்று சற்று அழுத்திச் சொன்னபோது வெளியிலிருந்து, "என்னடி, கூப்பிட்டியா? சோப்பு வேணுமா?" என்று நாத்தனார் குரல் கேட்டது. "ஆமா அண்ணி" என்றார் சாது அக்கா. உள்ளே ஏற்கெனவே இரண்டு சோப்பு இருந்தது. முப்பது வருஷம் நெற்றியிடம் விட்டுவைத்த வேலையை வாயால் செய்ய வரவில்லை.

வீட்டைச் சுற்றி முடித்த நாத்தனாருக்குப் பகலில் பொழுது போகவில்லை. கடைக்கு வர ஆரம்பித்தார். முதலில் வாசல் ஸ்டூலில் உட்கார்ந்தார், பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில். வருகிறவர்களோடெல்லாம் ஊர்க்கதை பேசினார். மூன்றாம் மாடிக்காரியின் உதட்டைப் பார்த்து, "ஏம்மா, தேனீ கொட்டிடுச்சா?" என்று நேரிலேயே கேட்டுவிட்டார். அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். ஆச்சரியம், மூன்றாம் மாடிக்காரி கோபித்துக்கொள்ளவில்லை. "இல்ல பெரியம்மா, ஊசி போட்டுக்கிட்டேன். வலி உயிர் போச்சு" என்று அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி அழுதாள். தண்ணீர்க் கதை அன்றோடு தெருவில் செல்லாமல் போயிற்று. அக்கா இதையெல்லாம் ஊசிகளைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கல்லா நாற்காலி ஒன்றுதான் அவருக்கென்று மிச்சம் இருந்தது. வீட்டில் இழந்ததையெல்லாம் அதில் உட்கார்ந்துதான் பொறுத்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் மூன்றாம் மாடிக்காரி ஹாலுக்குத் திரை பார்த்துக்கொண்டிருந்தாள். டியூஷன் டீச்சர் உறை மாற்ற வந்திருந்தார். கடைக்காரர் துணியை விரித்துக் கைகளில் ஏந்தி நின்றார். நாத்தனார் எல்லோரும் கேட்கும்படி சொன்னார்.

"தம்பி, ராத்திரியெல்லாம் யோசிச்சேன்டா. கல்யாணம் ஆன நாள்லேருந்து இவ இந்த நாற்காலியில கிடந்து தேயறா. போதும். நாளையிலேருந்து கல்லாவுல நான் உக்காந்துக்கறேன். இவ வீட்டுல காலை நீட்டி நிம்மதியா இருக்கட்டும்."

"எவ்வளவு நல்ல மனசு பெரியம்மாவுக்கு!" என்றார் டியூஷன் டீச்சர். "ஆமாக்கா, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றாள் மூன்றாம் மாடிக்காரி.

கடைக்காரர் துணியைப் போட்டுவிட்டு டேப்பைப் பிடித்து இழுத்தார். தலை திரும்பியது. சாது அக்கா அடிவயிற்றிலிருந்து முறைத்தார். ஒன்றும் அசையவில்லை. கடைக்காரரின் முகம் மலர்ந்தது, வாய் திறந்தது. அந்த வாயிலிருந்து எந்தச் சொல் வரப்போகிறது என்று அக்காவுக்குத் தெரியும். இந்தப் பக்கம் ஒரே ஒரு சொல் சொன்னால் போதும்.

வலது கை தானாக எழுந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் புருவங்களுக்கு நடுவே போய், அங்கே இருந்த தோலை இறுக்கிக் கிள்ளிச் சேர்த்துப் பிடித்தன. நடுவே இரண்டு கோடுகள், பழையபடி ஆழமாக, நேராக எழுந்து நின்றன.

கடைக்காரரின் வாய் மூடிக்கொண்டது. "அது வேணாம்க்கா" என்றார், கறாராக. சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று தெரியாதவராக டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார்.

நாத்தனார் தம்பியைப் பார்த்தார். பிறகு சாது அக்காவின் விரல்களைப் பார்த்தார். மறுபடி தம்பியைப் பார்த்து, "தம்பி, என்னப் பாத்துச் சொல்லு. வேணாமா?" என்றார். கடைக்காரரின் கண்கள் நாத்தனாரைத் தாண்டி அந்த விரல்களுக்குத்தான் போயின. "வேணாம்" என்றார்.

எதையும் ஒளிக்கத் தெரியாத நாத்தனாரின் முகத்தில் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து போனது. பிள்ளைகளின் லீவு வந்தது, அம்மாவின் கட்டில் வந்தது, கண் காணாத தேசத்தில் இருக்கும் மகன் வந்தான். ஒவ்வொரு முறையும் தன் முதுகைத் தடவிக் கொடுத்தது யார் என்பதும் வந்தது. "நீயாடி?" என்றார் நாத்தனார். சத்தமே வரவில்லை.

கையை எடுத்தால் கோடு போய்விடும். சாது அக்கா வலது கையால் நெற்றியைப் பிடித்தபடியே, இடது கையால் கல்லாப் பெட்டியை உள்ளே தள்ளிச் சாவியைத் திருப்பினார்.